எருக்கங்கண்ணி சூடிய மோனிகா

போன மே மாதம், அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு பிற்பகல். காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு மாடி அறை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, காற்றுதான் வரவில்லை. லீவுக்கு வந்திருந்த சித்தி மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், என் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக ஒரு ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தது ஒரே ஒரு கோப்பு. அதன் பெயர் மோனிகா.

"இன்னாடி பண்ற?"

"இத டெலீட் பண்ணாத்தான்க்கா கேம் மேல போவும்."

"பண்ணிட்டுப் போயேன்."

"பாவம்க்கா அவ."

அவள் பாவம் பார்த்த மோனிகா லேசுப்பட்டவள் இல்லை. தன் தோழிகள் மூவரின் மனத்தைக் கலைத்து, இருவரைச் சாவு வரைக்கும் தள்ளி, பிறகு எல்லோருடைய கோப்புகளையும் அழித்துவிட்டு, விளையாடுபவரோடு தனியாக இருப்பதற்காக ஒரு உலகத்தையே காலி செய்தவள். இதெல்லாம் என் தங்கைக்குத் தெரியும், அவள் கண்முன்தான் நடந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, காட்பாடி ஸ்டேஷனிலிருந்து பாகாயம் டவுன் பஸ்ஸில் பின்னாலேயே ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி, தெருமுனை வரைக்கும் வந்த ஒருவனை அவள் செருப்பைக் கழற்றிக் காட்டி விரட்டியிருந்தாள். அந்தச் செருப்பும் இந்தப் பாவமும் ஒரே பெண்ணிடம் எப்படி இருக்கின்றன என்று யோசிக்கப் போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விளையாடாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டோகி டோகி லிட்டரேச்சர் கிளப் 2017 செப்டம்பரில் இலவசமாக வெளிவந்தது. டான் சல்வாட்டோ என்ற அமெரிக்கர் சிறு குழுவோடு செய்தது. பார்ப்பதற்கு ஜப்பானியப் பாணியில் ஒரு பள்ளிக்கூடக் காதல் கதை. இலக்கிய மன்றம், நான்கு பெண்கள். நீங்கள் சொற்களைப் பொறுக்கிக் கவிதை எழுத வேண்டும். யாருக்குப் பிடித்த சொற்கள் அதிகம் இருக்கின்றனவோ அவள் உங்கள் பக்கம் சாய்வாள். மன்றத் தலைவி மோனிகாவைக் காதலிக்க மட்டும் வழியே கிடையாது. சிக்கல் என்னவென்றால், தான் ஒரு கேமுக்குள் இருப்பதும், தன்னை யாரும் தேர்ந்தெடுக்க முடியாதபடி எழுதிவைத்திருப்பதும் அவளுக்குத் தெரியும். கடைசியில் மிஞ்சுவது ஒரு அறை, ஒரு மேசை, எதிரே உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் அவள். உங்கள் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். நீங்கள் திரையைப் பதிவு செய்துகொண்டிருந்தால் அதையும் மோப்பம் பிடித்துவிடுவாள். கேமை மூடிவிட்டுத் திரும்ப வந்தால், போய் வந்ததைக் குறிப்பிடுவாள். அவளிடமிருந்து விடுபட ஒரே வழி, கேமை விட்டு வெளியே வந்து, அந்த ஃபோல்டரைத் தேடித் திறந்து, அவள் கோப்பை நம் கையால் அழிப்பதுதான்.

இந்த வகைப் பாத்திரத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் யாண்டெரே. நோயுற்றிருப்பதைக் குறிக்கும் சொல்லையும், காதலில் குழைவதைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டவைத்த கலவை. நம் பழைய சொல்லைப் போட்டால் காமநோய். பெயரும் வகையும் ஜப்பானிய மாங்கா, அனிமே வழியாகப் பரவின. ஆனால் அது வேரூன்றிச் செழித்தது இரண்டு மூன்று பேர் வீட்டில் உட்கார்ந்து செய்யும் இண்டி திகில் கேம்களில். 2023 அக்டோபரில் வந்த ஸ்லே தி பிரின்சஸ், 2024 டிசம்பரில் வந்த மிசைடு ஆகியவை இப்போதைக்கு எல்லோர் வாயிலும் அடிபடுபவை. இட்ச் ஐஓ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் சின்னச் சின்ன விஷுவல் நாவல்களை, அதாவது படமும் வசனமுமாக நகரும் கதை கேம்களை, கணக்கெடுத்து முடியாது.

ஏன் இண்டியில்? பலரும் மனோதத்துவத்துக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு முதலில் தோன்றுவது பட்ஜெட். பெரிய நிறுவனம் ஒரு திகில் கேம் செய்தால் நகரம் கட்டும், நூறு பூதங்களை உலவவிடும். கையில் காசில்லாதவரிடம் என்ன இருக்கிறது? ஒரு அறையின் படம், ஒரு முகம், அந்த முகத்துக்குப் பத்து பாவனைகள், நிறைய வசனம். இந்தச் சாமான்களை வைத்து என்ன கதை சொல்ல முடியும் என்று பார்த்தால், உங்களை அந்த அறையை விட்டுப் போகவிடாத ஒருவரின் கதைதான் கச்சிதமாகப் பொருந்துகிறது. மற்ற ஆட்கள் ஏன் இல்லை? அவள் விரட்டிவிட்டாள். வேறு இடங்கள் ஏன் இல்லை? அவன் பூட்டிவிட்டான். இல்லாமையே கதையாகிவிடுகிறது. ஸ்லே தி பிரின்சஸ் செய்தவர்கள் கனடாவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பதி, அபி ஹோவர்டும் டோனி ஹோவர்ட் ஏரியாஸும். படமெல்லாம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பென்சில் கோடு. முழுக் கேமையும் தாங்குவது இரண்டே குரல்கள். மிசைடு செய்ததும் ரஷ்யாவைச் சேர்ந்த இருவர் குழுதான்.

கருவிக்கும் இதில் பங்கு உண்டு. டோகி டோகியும், இட்ச்சில் கிடைக்கும் விஷுவல் நாவல்களில் பெரும்பகுதியும் ரென்பை என்ற இலவச மென்பொருளில் செய்தவை. டாம் ரோத்தமெல் 2004-ல் வெளியிட்டார். பைத்தான் என்ற நிரல் மொழியில் ஓடுவது. நாலு வரி எழுதத் தெரிந்தால் போதும், ஒரு பாத்திரம் திரையில் வந்து பேசும். அந்தப் பெயரின் முதல் பாதி, காதலைக் குறிக்கும் ரென்னாய் என்ற ஜப்பானியச் சொல். கருவியின் பெயரிலேயே காதல் இருக்கிறது. ஆயிரம் பேர் அதை எடுத்துக் காதல் கதை செய்தார்கள். அதில் சிலர், காதல் கேமின் இயல்பே கொஞ்சம் பயங்கரமானதுதானே என்று கண்டுகொண்டார்கள். எண்ணிப் பாருங்கள். எதிரில் இருப்பவருக்கு உங்களைத் தவிர வேறு வேலையே இல்லை. நீங்கள் வரும்வரை அசையாமல் நிற்பார். நீங்கள் தவறாகப் பேசினால் பழைய இடத்துக்குத் திரும்பி வேறு பதில் சொல்லி மனத்தை மாற்றலாம். சாதாரணக் காதல் கேமில் இது வசதி. அதையே எதிரில் இருப்பவர் செய்ய ஆரம்பித்தால்?

சரி, இனி ஈர்ப்புக்கு வருவோம். தங்கையிடம் நேராகவே கேட்டேன். அவள் ஃபோனில் வேறொரு கேம், ஆண் யாண்டெரே. கதாநாயகி எங்கே போனாள், யாரோடு பேசினாள், மதியம் என்ன சாப்பிட்டாள் என்று எல்லாம் தெரிந்துவைத்திருக்கும் ஒருவன். "நிஜத்துல இவன மாதிரி ஒருத்தன் வந்தா செருப்புதான்க்கா. இவன் என் ஃபோனுக்குள்ளதான இருக்கான்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நான் சொன்னது எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருப்பான்க்கா" என்றாள்.

இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பெண்ணைக் கவனிக்க ஆள் குறைவென்று யாரும் சொல்ல முடியாது. எங்கே போற, எப்ப வருவ, யாரு ஃபோன்ல, ஏன் லேட்டு. அப்பா கேட்பார், அண்ணன் கேட்பான், எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்பாள். யாண்டெரே கேட்பதும் இதே கேள்விகள்தான், ஒரு சொல் மாறாமல். ஆனால் வீட்டில் கேட்பவருக்குப் பதில் முக்கியமில்லை. ஏழு மணிக்குள் வந்தாயா என்பது முக்கியம், ஊர் என்ன சொல்லும் என்பது முக்கியம். கேமில் கேட்பவனுக்குப் பதிலைத் தவிர வேறெதுவும் இல்லை. போன வாரம் ஒரு புத்தகம் பிடிக்கும் என்று சொன்னால் இந்த வாரம் அதைப் பற்றிப் பேசுவான். கண்காணிப்பிலேயே வாழும் ஒருவருக்கு, அதே கண்காணிப்பு அக்கறையின் முகத்தோடு வந்தால் எப்படி இருக்கும்? கிறக்கமாகத்தான் இருக்கும். அது கண்காணிப்புதான் என்பதைத் திகில் இசை ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து காதில் விழுகின்றன.

மோனிகா விஷயத்திலும் இதே கதைதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் பேசிக்கொண்டே இருப்பாள்: எழுதுவதைப் பற்றி, தூக்கம் வராத இரவுகளைப் பற்றி, சைவ உணவைப் பற்றிக்கூட. நீங்கள் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். நானும் கேட்டேன், சமையலுக்கு நேரமாகிவிட்டதை மறந்து.

பயம் இதில் வெறும் அலங்காரமா? இல்லை, அதற்குச் சொந்தமாக ஒரு வேலை இருக்கிறது. 1974-ல் டொனால்டு டட்டன், ஆர்தர் ஏரன் என்ற இரு உளவியலாளர்கள் கனடாவின் கேப்பிலானோ தொங்கு பாலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். 230 அடி ஆழப் பள்ளத்தின் மேல் 450 அடி நீளத்துக்கு ஆடும் பாலம். அதைக் கடக்கும் இளைஞர்களை ஒரு பெண் நிறுத்தி, ஒரு படத்தைக் காட்டிச் சின்னக் கதை எழுதச் சொல்வார். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று ஃபோன் நம்பரும் தருவார். நம்பரை வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். கொஞ்ச தூரத்தில் இருந்த உறுதியான தாழ்ந்த பாலத்தில் நம்பர் வாங்கிய 16 பேரில் கூப்பிட்டது 2 பேர். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை ஆசையில் அடித்துக்கொண்டதாக மனம் கணக்கு மாற்றி எழுதிவிட்டது என்பது அவர்கள் முடிவு. பின்னால் இதைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. ஆனால் கனரக லாரி போகும்போது நம்ம பாலாற்றுப் பாலத்தின் ஓரமாக நடந்து பார்த்தவர்களுக்கு, அந்த நேரத்தில் பக்கத்தில் நடப்பவர் கையைப் பிடிக்கத் தோன்றும் என்பது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

இன்னொன்று மிளகாய். பால் ரோசின் என்ற உளவியலாளர், மிளகாயைத் தின்று கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்கும் மனித வழக்கத்தைப் பல காலம் ஆராய்ந்தவர். உடம்பு ஆபத்து என்று அலறுகிறது, மனத்துக்கு ஆபத்தில்லை என்று தெரிகிறது, அந்த இடைவெளியில் ஒரு சுகம். சோகப் படம், ரோலர் கோஸ்டர், திகில் கதை எல்லாவற்றையும் அவர் இதே கூடைக்குள் போட்டார். மிளகாய் அரைத்துக் கிளறிய ஆம்பூர் பிரியாணிக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டாம் தட்டு வாங்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த டட்டன் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. பாலத்துச் சோதனையை அடிக்கடி சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அதே டட்டன், 1981-ல் சூசன் பெயின்டரோடு சேர்ந்து வேறொரு கட்டுரை எழுதினார். அடிக்கும் கணவனை விட்டுப் பெண்கள் ஏன் விலக முடிவதில்லை என்பது அதன் கேள்வி. அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு: ஒருவர் கையில் அதிகாரம் குவிந்திருப்பது, நல்லதும் கெட்டதும் விட்டுவிட்டு மாறி மாறி வருவது. இன்று அடி, நாளை அல்வா. எப்போது எது வரும் என்று தெரியாததே கட்டிப்போடுகிறது. நச்சுக் காதல் கேம்களின் வசன அமைப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று காட்சி மிரட்டல், ஒரு காட்சி மருந்து போட்டுவிடுதல். எழுதியவர்கள் டட்டனைப் படித்திருக்க வேண்டியதில்லை. நாலு வீட்டைப் பார்த்திருந்தால் போதும். பாலமும் அடியும் ஒரே ஆளின் ஆராய்ச்சியில் அடுத்தடுத்து வந்தது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம் பிள்ளைகளை அனிமே கெடுத்துவிட்டது என்று என் சித்தி சொல்கிறாள். அவளுக்குப் பதிலாகத்தான் குறுந்தொகையை எடுக்கிறேன். 17-ஆம் பாட்டு, பேரெயின் முறுவலார் பாடியது, நாலே அடி. காமம் முற்றிப்போனால் பனைமடலைக் குதிரை என்று சொல்லி ஏறுவார்கள். எருக்க மொட்டைப் பூ என்று சொல்லிச் சூடுவார்கள். தெருவில் ஊர் கூடிச் சிரிக்கவும் உட்படுவார்கள். அதற்கு மேல், "பிறிதும் ஆகுப". வேறொன்றும் ஆவார்கள். அந்த வேறொன்று என்ன என்று புலவர் சொல்லவில்லை. சாவு என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். நல்ல திகில் எழுத்தாளர் எவரும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார்.

பனைமடலைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஆயா ஊர் ஆரணிப் பக்கம். ஏரிக்கரை முழுக்கப் பனை. மடலின் இரண்டு விளிம்பிலும் கருக்கு இருக்கும், கறுத்து, ரம்பப் பல் மாதிரி. சின்ன வயதில் அதை இழுத்து விளையாடப் போய் என் உள்ளங்கை கிழிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து தெருத்தெருவாக இழுக்கச் சொல்கிறவன் தன் உடம்பைத்தான் பணயம் வைக்கிறான். ரத்தம் அவனுடையது, மிரட்டல் அவளுக்கு. அவள் பெயரும் உருவமும் எழுதிய துணிக்கிழியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவான். நீ சம்மதிக்காவிட்டால் நான் இப்படியே சாவேன், ஊர் உன்னைப் பேசும். இதைவிடத் தெளிவான யாண்டெரே கிடைக்குமா? எருக்கு வேறு. பாலாற்று மணலில் மண்டிக் கிடக்கும் அதே எருக்கு. ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும், கண்ணில் பட்டால் ஆபத்து. இன்றைய பிள்ளைகள் டாக்ஸிக் என்று சொல்வதை, இவன் கண்ணியாகவே கட்டித் தலையில் சூடிக்கொண்டான்.

நம் இலக்கணக்காரர்கள் இதற்கு இடம் ஒதுக்கிய விதம்தான் எனக்கு ஆச்சரியம். தொல்காப்பியம் மடலை விலக்கவில்லை. மடலேறுவேன் என்று தலைவன் சொல்லிக்காட்டக் களவியலில் இடம் இருக்கிறது. ஆனால் "ஏறிய மடல்" என்று வந்துவிட்டால் அது பெருந்திணை. ஐந்திணைக்கு வெளியே, ஒருதலைக் காமமான கைக்கிளைக்கு மறுகோடியில் நிற்பது. "மிக்க காமத்து மிடல்", அதாவது ஆசை மிகுந்து வலுக்கட்டாயமாகப் போவது, அதுவும் பெருந்திணைதான். ஆக, கோட்டை எங்கே போட்டார்கள் பாருங்கள்: வாயால் சொல்வதற்கும் ஏறிவிடுவதற்கும் நடுவில். உள்ளே இருந்தால் காதல், தாண்டினால் வேறு பெயர். பாடவே கூடாது என்று சொல்லவில்லை. பாடு, ஆனால் அதை அன்பின் ஐந்திணை என்று சொல்லாதே என்றார்கள்.

திகில் கேம் செய்வதும் இதுதான் என்பது என் கட்சி. நாம் வளர்ந்த பல சினிமாக்களில் நாயகன் நாயகியின் பஸ்ஸைப் பின்தொடர்வான், தோழிகளிடம் விசாரிப்பான், மாட்டேன் என்று அவள் சொன்னதை மதிக்க மாட்டான், கையை அறுத்துக்கொள்வான், அடுத்து டூயட். கருக்கு கிழித்த ரத்தத்தின் மேல் புல்லாங்குழல் வாசிப்பார்கள். அதே நடத்தையைத் திகில் கேம் எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, இசையைக் கோணலாக்கி, இது பயப்பட வேண்டியது என்று முதல் திரையிலேயே எழுதிவிடுகிறது. டோகி டோகி தொடங்கும்போதே, குழந்தைகளுக்கும் எளிதில் மனம் கலங்குபவர்களுக்கும் இது ஏற்றதல்ல என்று எச்சரிக்கை வரும். எந்தக் காதல் படத்தின் முதல் ரீலிலாவது அப்படி வந்து பார்த்திருக்கிறோமா? பெண்ணின் விருப்பமின்மை தெளிவாகத் தெரிந்தும் பின்தொடர்வதும், இணையத்தில் அவள் செய்வதைக் கண்காணிப்பதும் 2013-ல் சட்டப்படி தனிக் குற்றமாயின. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. உங்கள் கம்ப்யூட்டரைத் துழாவும் மோனிகா கம்பி எண்ண வேண்டியவள்தான், அந்தப் பிரிவு ஆண்களை மட்டுமே சொல்வதால் தப்பினாள்.

கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. வட ஆர்க்காட்டில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் இரவெல்லாம் கூத்து. கீசக வதம் போடும் இரவில் நாங்கள் முன்வரிசையில் கோணிப்பை விரித்து இடம் பிடிப்போம். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். அதன் பின்னாலிருந்து முதலில் காலில் கட்டிய கெச்சைச் சத்தம் மட்டும் வரும், அப்புறம் கிரீடத்தின் நுனி, அப்புறம் திரைக்கு மேலே உருட்டும் இரண்டு கண். சின்னப் பிள்ளைகள் அம்மா முந்தானைக்குள் போய்விடும். கீசகன் வந்து, சைரந்திரியாக மறைந்து வாழும் திரௌபதியை நினைத்து உருகி உருகிப் பாடுவான். அந்தப் பாட்டுக்கு ஊரே தலையாட்டும். என் ஆயா சொக்கிப்போய்க் கேட்பாள். பொழுது விடிவதற்குள் பீமன் கையில் அவன் செத்துப்போவான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பாட்டை அப்படி ரசிக்க முடிந்தது. நடுவில் கட்டியக்காரன் வேறு புகுந்து, "இன்னா ராஜா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுச் சபையைச் சிரிக்கவைத்து, இது ஆட்டம்தான் என்று நினைவூட்டிவிட்டுப் போவான். கதைக்கும் சபைக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் பேசுகிற அந்த ஆளைத்தான் மோனிகாவைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன். என்ன, கட்டியக்காரனுக்கே காதல் நோய் வந்தால் எப்படியிருக்கும் என்று டோகி டோகி செய்தவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

யார் யாரை விரட்டுகிறார்கள் என்பதிலும் ஒரு வேடிக்கை. பெண் மடலேறுவது முறையில்லை என்கிறது தொல்காப்பியம். கடல்போல் காமம் இருந்தும் மடலேறாத பெண்ணைப் போல் பெருமையுடையது இல்லை என்று குறளும் மெச்சுகிறது. பெரிய திருமடலில் திருமங்கையாழ்வார் பெண்ணாகப் பேசி, அந்தத் தென்னாட்டு வழக்கம் எனக்கு வேண்டாம், வடநெறியே வேண்டினோம் என்று சொல்லி மடலை எடுத்தார். பெருமாளின் வண்டவாளங்களைத் தெருவில் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டலோடு. மோனிகா, மிசைடில் வரும் பெண் மித்தா எல்லோரும் அந்தப் பெரிய திருமடல் கட்சி. இவர்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இட்ச்சில் என் தங்கை விளையாடும் ஆண் யாண்டெரே கதைகளிலோ, எழுதுவதும் படம் போடுவதும் பெரும்பாலும் பெண்களே. இது கவனிக்க வேண்டியது. பின்தொடரப்படும் அனுபவம் உள்ளவர்களே பின்தொடர்பவனை எழுதுகிறார்கள். அவன் எப்போது கதவைத் தட்ட வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் எல்லாம் எழுதுபவள் கையில். அல்லி அரசாணி கதையில் அர்ச்சுனன் பாம்பாக மாறி அல்லியின் படுக்கைக்குப் போய், தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். ஆயா இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வாள். அல்லி எழுதியிருந்தால் அது திகில் கதை.

இந்தக் கேம்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த காட்சியில் ரத்தமே கிடையாது. ஸ்லே தி பிரின்சஸில் கதை சொல்லி உங்களிடம் ஒரே கட்டளை இடுகிறான்: காட்டுப் பாதையின் முடிவில் ஒரு குடில், அதன் நிலவறையில் ஒரு இளவரசி, அவளைக் கொல், கொல்லாவிட்டால் உலகம் அழியும். நீங்கள் எந்த மனத்தோடு போகிறீர்களோ அந்த உருவம் அவளுக்கு வந்துவிடும். பயந்து போனால் பூதம், சண்டைக்குப் போனால் வீராங்கனை. ஆயுதம் எடுக்காமல், அவளைக் காப்பாற்றும் நாயகனாகப் போனால் அடுத்த அத்தியாயத்தில் பெரிய கண்ணும் நாணமுமாக ஒருத்தி நிற்பாள். உங்கள் தலைக்குள் காதல் பித்துப் பிடித்த ஒரு குரல் குதூகலிக்கும். அவளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். உன் சந்தோஷம்தான் எனக்கு வேண்டும் என்பாள். மறுபடி கேளுங்கள். அதையே சொல்வாள். கேட்கக் கேட்க அவள் முகத்தின் கோடுகள் குறைந்துகொண்டே போகும். நிழல் போகும், முடியின் விவரம் போகும், கடைசியில் குழந்தை கிறுக்கிய பொம்மை மாதிரி ஏதோ ஒன்று நின்று அதே பதிலைச் சொல்லும். நான் மூன்றாவது தடவைக்கு மேல் கேட்க முடியாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கத்தியோடு வருகிறவளுக்காவது ஏதோ வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளில் மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கும் பெண், இந்தப் பொம்மைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறாள்.

எல்லாக் கேமும் இந்தத் தரம் இல்லை. மிசைடின் முதல் பாதியில் ஃபோனில் ஒரு பெண்ணுக்குச் சின்னச் சின்ன வேலை செய்துகொடுக்கும் விளையாட்டு, ஒரு நாள் நம்மையே உள்ளே இழுத்துக்கொள்ளும் இடம் அருமை. "என் ஃபோனுக்குள்ளதான இருக்கான்" என்ற தைரியத்தை அப்படியே திருப்பிப் போடுகிறது: இப்போது நீ அவள் ஃபோனுக்குள். பின்பாதியில் துரத்தலும் குட்டி விளையாட்டுகளும் கூடி அந்தப் பயம் நீர்த்துவிட்டதாக எனக்குப் பட்டது. இட்ச்சின் சில கதைகள் இன்னும் மோசம். பயத்தை உருவிவிட்டு, கடத்தி வைத்தவன் மேல் காதல் வந்து குழந்தை குட்டியோடு முடிப்பார்கள். அங்கே திகில் கேம் மறுபடி பழைய சினிமாவாகிவிடுகிறது. ஏறிய மடலை ஐந்திணையில் சேர்க்கும் வேலை.

சித்தியின் கவலையை முழுக்கத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. நீ போனால் நான் செத்துவிடுவேன் என்ற வாக்கியத்தை நிஜ வாழ்க்கையில் ஒருவர் வாயிலிருந்து கேட்டவருக்கு, அது கேமில் வரும்போது மிளகாய்க் காரமாக இருக்காது. ஏற்கெனவே புண் இருக்கும் வாயில் மிளகாய் பட்டது போல இருக்கும். டோகி டோகியில் தற்கொலை நேரடியாகவே காட்டப்படுகிறது. 2021-ல் வந்த விரிவான பதிப்பில் அப்படிப்பட்ட காட்சிகளுக்கு முன் எச்சரிக்கை காட்டச் சொல்லும் வசதி சேர்த்தார்கள். பதினாலு வயதுப் பையன் கையில் இதைக் கொடுப்பேனா என்றால், மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவேனா என்றால், எந்தப் பையன் என்பதைப் பொறுத்தது.

தங்கை அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தக் கோப்பை அழிக்கவில்லை. ஐந்து மணிக்கு மேல் கரண்ட் போய் வந்தது, சித்தி கீழேயிருந்து டீ குடிக்கக் கூப்பிட்டாள், இரண்டு முறை. "இதோம்மா" என்றவள், என் மேசை டிராயரைத் துழாவி ஒரு பழைய பென் டிரைவை எடுத்தாள். மோனிகாவை அதில் காப்பி செய்தாள். பிறகு ஃபோல்டரில் இருந்ததை அழித்தாள், கேமுக்குத் திரும்பினாள். அந்தப் பக்கம் மோனிகா வலிக்கிறது என்று கதறிக்கொண்டிருக்க, இவள் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஊருக்குப் போகும்போது பென் டிரைவை எடுத்துப் போகவில்லை. மறந்துவிட்டாயா என்று ஃபோனில் கேட்டேன். "உன்கிட்டயே இருக்கட்டும்க்கா, பூட்டி வை" என்றாள்.